நகரிப் பக்கம் கட்டிய மேகம்

மணவூர் ஸ்டேஷனில் காலைப் பாசஞ்சர் வந்து நின்றது. திருத்தணியிலிருந்து வந்த கார்டு தன் பெட்டியிலிருந்து எட்டிப் பார்த்து, "யோவ் ஏகாம்பரம், உங்க கதை டீச்சர் போயிட்டாங்களாம்யா. நேத்து சாயங்காலம். விஷ ஜுரமாம்" என்றார். சொல்லிவிட்டுப் பச்சைக் கொடியை ஆட்டினார். வண்டி போய்விட்டது. வெற்றிலைக் கூடைக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்த நான் பசை காய்கிற வரைக்கும் அப்படியே நின்றேன். "கதை டீச்சர்" என்றாரே, அதுதான் என்னைத் தைத்தது. ஐந்து வருஷமாக முனிரத்தினம்மா டீச்சராகவும் இல்லை, கதையும் எழுதவில்லை. அந்த இரண்டையும் அவரிடமிருந்து பிடுங்கியவர்களில் நானும் ஒருவன்.

இதைப் படிக்கிற உங்களில் பாதிப்பேருக்கு முனிரத்தினம்மாவைத் தெரியும். திருத்தணி நெசவுத் தெருக் கங்கையாவின் மகள். கல்யாணமாகி இரண்டே வருஷத்தில் புருஷனைப் பறிகொடுத்துவிட்டு நைனா வீட்டுக்கே திரும்பி வந்து, டிரெயினிங் முடித்து, கீழூர்ப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு எடுத்தவர். நல்லவர், பொறுமைசாலி, அடக்கமானவர் என்றெல்லாம் போன ஞாயிற்றுக்கிழமை இரங்கல் கூட்டத்தில் பேசினீர்கள். பொறுமைசாலியாம்! அவருக்கு வந்த கோபத்தை நீங்கள் பார்த்ததில்லை. நான் பார்த்திருக்கிறேன்.

நான் அப்போது திருத்தணி ஸ்டேஷனில் பார்சல் குமாஸ்தா. பள்ளிக்கூடத்துக்கு வந்த சிலேட்டுப் பெட்டியை ஒப்படைக்க ஒருநாள் போயிருந்தேன். சுவரில் ஒரு நரிப் படத்தை மாட்டிவிட்டு, "என்ன தெரியுது, சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டிருந்தார். "தந்திரக்கார நரி டீச்சர்" என்று பிள்ளைகள் ஒரே குரலில் கத்தின. வந்ததே கோபம்! குச்சியால் படத்தைத் தட்டி, "தந்திரம் எங்கடி இருக்குது இதுல? எனக்கு வாலு தெரியுது, காது தெரியுது, காலுல ஒரு முள்ளு தெரியுது. தந்திரத்தக் காட்டு பாக்கலாம்" என்றார். நானும் எட்டிப் பார்த்தேன். நிஜமாகவே அந்த நரியின் முன்னங்காலில் ஒரு முள் வரைந்திருந்தது. "மொதல்ல அதுல என்ன இருக்குதுன்னு சொல்லு, அப்புறமா நீ என்ன நெனச்சேன்னு சொல்லு." இந்த இரண்டு வாக்கியத்தை அவர் தினமும் சொல்லுவாராம். எட்டு வயசுப் பெண்களுக்கு அது புரிந்தது. நமக்குத்தான் புரியவில்லை.

அவரைக் கதை எழுதச் சொன்னவன் நான்தான். யுத்த காலம். காகிதம் கிடைக்காது. ரத்தான பழைய பார்சல் படிவங்களின் பின்பக்கத்தில் "மலையடி" என்று ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்திவந்தேன். ஒவ்வொரு இதழும் மூன்றே பிரதி, மூன்றும் என் கையால் எழுதியவை. ஒன்று கீழூரில் சுற்றும், ஒன்று மலைப்பக்கத்துக் கடைகளில் சுற்றும், ஒன்று அரக்கோணம் வரை போய்வரும். கடைசி எட்டுப் பக்கத்தை வெறுமையாக விடுவது எங்கள் வழக்கம். படித்தவர்கள் தங்கள் அபிப்பிராயத்தை அதில் எழுதி அடுத்த வீட்டுக்கு அனுப்ப வேண்டும். சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஜனங்கள் இதழை வாங்கியதும் முதலில் புரட்டியது அந்த எட்டுப் பக்கத்தைத்தான். கதையை அப்புறம் பார்த்துக்கொள்வார்கள்.

முனிரத்தினம்மாவின் கதை நாலே பக்கம். ஒரு நெசவுக்காரி ஆடிக் கிருத்திகையன்று தன் பிள்ளைக்கு முடியிறக்க மலையேறுகிறாள். கதை இப்படித் தொடங்குகிறது: "விடியுமுன்னே தெருவில் தறிக்குப் பாவு நூல் நீட்டியாயிற்று, கஞ்சியும் போட்டாயிற்று. தெரு ஜனம் பூராவும் மலைக்குப் போயிருந்தது. புருஷன் ஒருத்தன்தான் பாவுக்குக் காவல்." பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு படியேறுகிறாள். மோர் விற்கிற கிழவர் ஒருவர் பிள்ளைக்கு ஒரு வாய் மோர் கொடுக்கிறார். பாதிப் படியில் பிள்ளை தூங்கிப்போகிறது. அடுத்து வருவதை நான் பார்க்காமலே எழுதுவேன்: "நகரிப் பக்கம் மேகம் கட்டியிருந்தது. அவள் நின்றாள். மேலே பார்த்து ஒரு கும்பிடு போட்டாள். திரும்பி விடுவிடுவென்று இறங்கினாள்." அவ்வளவுதான் கதை.

இதழ் சுற்றப் போனது. எட்டுப் பக்கமும் நிரம்பித் திரும்பி வந்தது. பஜனை மடத்துத் துரைசாமி பச்சை மையில் எழுதியிருந்தார்: மோர்க் கிழவர் சாட்சாத் முருகனே, படியிலேயே தரிசனம் கிடைத்துவிட்ட பிறகு அந்தப் புண்ணியவதி எதற்கு மேலே போக வேண்டும், படிக்கும்போதே தமக்குக் கண்ணீர் வந்துவிட்டது என்று. கதர்க்கடை வேங்கடேசன் ஒரு பக்கம் எழுதியிருந்தார்: மலைதான் சுதந்திரம், தூங்குகிற பிள்ளைதான் தேசம், பாதியில் இறங்கியவர்கள் யார் யார் என்று ஊருக்கே தெரியும் என்று. கூட இருந்து ஜெயிலுக்குப் போகாதவர்கள் மேல் அவருக்கு இருந்த கடுப்பெல்லாம் அதில் இருந்தது. பரிதாபத்துக்குரிய அந்த நெசவுக்காரிதான் அதில் இல்லை.

நான் மட்டும் என்னவாம்? அந்த நாளில் எனக்குப் பகுத்தறிவு தலைக்கேறியிருந்தது. பூணூலையும் விபூதியையும் பார்த்தாலே வாய் நமைச்சலெடுக்கும். "மலையேறுவது மடமை என்று பாதி வழியில் தெளிந்து, கல்லைக் கடவுள் என்று நம்பிய மூடத்தனத்துக்கு முதுகைக் காட்டி இறங்கிய புதுமைப்பெண்" என்று ஒன்றரைப் பக்கம் விளாசினேன். சுற்றுக்கு விடுமுன்பே மூன்று பிரதியிலும் எழுதிவிட்டேன். அவள் கும்பிடு போட்டாள் என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன், அது என் கண்ணில் படவில்லை. பட்டபோதும் பரிகாசக் கும்பிடு என்று எடுத்துக்கொண்டேன். எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. அதற்குமேல் படிக்க என்ன இருக்கிறது?

ஒரு பிரதி பள்ளிக்கூட மானேஜர் கைக்குப் போனது. அவர் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தார். கதையில் ஒரு வரிக்கும் கோடு இல்லை ஐயா, ஒரு வரிக்கும் இல்லை. கோடெல்லாம் என் ஒன்றரைப் பக்கத்தில்தான் இருந்தது. முனிரத்தினம்மாவையும் என்னையும் தம் வீட்டுக் கூடத்துக்கு வரச் சொன்னார். பள்ளிக்கூடம் அவருடையது, கமிட்டியும் அவர் சொந்தக்காரர்கள்தான்.

"ஏம்மா, பிரார்த்தனையைப் பாதியில விட்டுட்டு அவ ஏன் எறங்கினா?" என்று கேட்டார்.

"பாவு நனைஞ்சிடும்ங்க" என்றார் முனிரத்தினம்மா.

"என்னது?"

"மேகம் கட்டிச்சுங்க. பாவு தெருவுல கெடக்குது. அதான் எறங்கினா."

மானேஜர் சிரித்தார். "யாருக்குக் காது குத்தறே? சாமிய விட்டுட்டு நூலுக்காக ஓடினாளாம். அப்படீன்னா அதுவும் நாத்திகம்தானே? உங்கிட்ட மூணாங்கிளாஸ் படிக்கிற பொண்ணுங்க என்ன கத்துக்கும்?" என்று கேட்டு, என் ஒன்றரைப் பக்கத்தை எடுத்து உரக்கப் படித்தார். முனிரத்தினம்மா என்னைப் பார்த்தார். இது என் கருத்துதான், டீச்சரம்மாவுடையது இல்லை என்று நான் சொல்லியிருக்க வேண்டும். ஒரே ஒரு வாக்கியம். சொல்லவில்லை. ஏனென்றால் நான் எழுதியதுதான் கதையின் உண்மையான அர்த்தம் என்று நம்பிக்கொண்டிருந்தேன். பாவு, கீவு என்று அவர் சொன்னது வேலைக்குப் பயந்து சொன்ன சாக்கு என்று நினைத்தேன். ஒருத்தர் எழுதிய கதைக்கு அவர் சொல்லுகிற அர்த்தத்தையே பொய் என்று நினைக்கிற அளவுக்கு எனக்குத் திமிர் இருந்தது.

வேலை அங்கேயே போயிற்று. வெளியே வந்ததும் சும்மா இருந்தேனா? "பயந்துட்டீங்களே டீச்சரம்மா" என்றேன். அவர் நின்றார். அழுவார் என்று நினைத்தேன். மூக்கு விடைத்துக்கொண்டிருந்தது, முகம் சிவந்திருந்தது. "அவரு ஒரு வாட்டி படிச்சாரு. நீங்க மூணு வாட்டி உங்க கையால எழுதினீங்களேண்ணா" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று போனார். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. கோபத்தில் ஏதோ சொல்கிறார் என்று வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றேன்.

ஏழெட்டு மாதம் போயிருக்கும், என்னை மணவூருக்கு மாற்றினார்கள். சொல்லிக்கொண்டு போகலாம் என்று நெசவுத் தெருவுக்குப் போனேன். முனிரத்தினம்மா உள்ளே ராட்டையில் தறிக்குத் தார் நூல் சுற்றிக்கொண்டிருந்தார். "வாங்கண்ணா" என்று சொல்லிவிட்டுச் சுற்றுவதைத் தொடர்ந்தார். கங்கையா நைனா தறிக் குழியில் உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தெரு முழுக்க அவரை நைனா என்றுதான் கூப்பிடும், நானும் அப்படித்தான்.

"எம்பொண்ணு வேலையத் தின்னுடிச்சே ஒரு கதை, அத நான் கேட்டதேயில்ல. வெச்சிகினு இருக்கியா? படி" என்றார்.

பையில் ஒரு பிரதி இருந்தது. எடுத்துப் படித்தேன். தறி ஓடிக்கொண்டே இருந்தது. பாவு நீட்டி, தெரு காலியாகி, புருஷன் ஒருத்தன் காவல் என்று வந்தபோது, "ஆங், கிருத்திகையன்னிக்கு அப்படித்தான்" என்றார். மோர்க் கிழவருக்கு ஒன்றும் சொல்லவில்லை. "நகரிப் பக்கம் மேகம் கட்டியிருந்தது" என்றேன். குறுக்கு நூல் ஓட்டும் நாடாவை எறிந்த கை அந்தரத்தில் நின்றுவிட்டது.

"ஐயையோ! அவன் ஒண்டியா இருக்கானே! பாவு என்னாச்சு?"

நான் அடுத்த வரியைப் படித்தேன். மேலே பார்த்து ஒரு கும்பிடு போட்டாள்.

"கும்பிட்டுக்கினு நிக்காதடி, ஓடுடி!" என்று கத்தினார் நைனா.

உள்ளேயிருந்து முனிரத்தினம்மா சிரித்தார். வேலை போனதற்கப்புறம் அவர் சிரித்து நான் கேட்டது அன்றைக்குத்தான். "முக்காவாசி தப்பிச்சிதாம் நைனா" என்றார். "அப்ப சரி" என்று நைனா மறுபடி நாடாவை எறிந்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தெருவில் நீட்டிய பாவை ஒருத்தரால் சுருட்ட முடியாது, இரண்டு கோடிக்கும் ஆள் வேண்டும். கஞ்சி போட்ட பாவு மழையில் நனைந்தால் நூலெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிப் பாழ். நூல் சர்க்கார் கண்ட்ரோலில் கிடந்த அந்தக் காலத்தில் அந்தக் குடும்பத்துக்கு மறு நூல் எப்போது வருமோ யாருக்குத் தெரியும்? அந்தத் தெருவில் பிறந்த யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள். ஆனால் அந்தத் தெருவில் ஒருவர் வீட்டுக்கும் என் பத்திரிகை போனதில்லை. படிக்கத் தெரியாதவர்களுக்கு எதற்கு என்று நானே விட்டுவிட்டேன். சாமியை நம்புகிறவருக்கு மோர்க் கிழவர் தெரிந்தார், நம்பாத எனக்குத் திரும்பிய முதுகு தெரிந்தது. மேகம் எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை. அதை மூன்று தடவை என் கையால் எழுதினேன்.

கிளம்பும்போது, "மறுபடியும் எழுதுங்க டீச்சரம்மா" என்றேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை, அதற்குப் பதிலாக இதைச் சொன்னேன். அவர் ராட்டையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "யாருக்குண்ணா எழுதறது? நைனாக்குப் படிக்கத் தெரியாது. படிக்கத் தெரிஞ்சவங்க..." என்று தொடங்கினார். நூல் அறுந்தது. அதை முடிபோட்டார். பேச்சை முடிக்கவில்லை. அதற்கப்புறம் அவர் ஒரு வரி எழுதவில்லை. ஐந்து வருஷம் தார் சுற்றினார், செத்துப்போனார். முப்பத்திரண்டு வயசு.

இப்போது இரங்கல் கூட்டத்துக்கு வருகிறேன். எந்தப் பள்ளிக்கூடம் அவரைத் துரத்தியதோ அதே பள்ளிக்கூடத்தில் ஞாயிறு காலை கூட்டம். துரத்திய மானேஜரே தலைமை. வெட்கம் கெட்டு நானும் போய் உட்கார்ந்தேன். முனிரத்தினம்மாவின் போட்டோ ஒன்றுகூடக் கிடையாது. அதனால் துரைசாமி வைத்திருந்த "மலையடி" பிரதியை நாற்காலியில் நிறுத்தி மாலை போட்டிருந்தார்கள். முன்வரிசையில் கங்கையா நைனா. பின்னால் நெசவுத் தெரு ஜனம் அத்தனையும்.

துரைசாமி எழுந்து, ஐந்து வருஷத்துக்கு முன் படியிலேயே தரிசனம் கண்டவரை இப்போது முருகன் தன்னிடமே அழைத்துக்கொண்டான் என்றார். கதைக்குள் வந்த நெசவுக்காரியும் செத்துப்போன டீச்சரும் அவருக்கு ஒரே ஆளாகிவிட்டார்கள். வேங்கடேசன், தேசம் சுதந்திரம் அடைந்துவிட்டது, மலையுச்சியை அடைந்துவிட்டோம் என்றார். பிறகு அரக்கோணத்திலிருந்து வந்த ஓர் இளைஞர், "இந்த ஊர் மறைத்துவைத்த புரட்சிக்காரி" என்று தொடங்கி, மாலை போட்டிருந்த பிரதியை எடுத்துப் புரட்டி, என் ஒன்றரைப் பக்கத்தைக் கணீரென்று படித்தார். நன்றாகத்தான் படித்தார், கைதட்டல்கூட விழுந்தது. என் வார்த்தைகள். முதுகைக் காட்டி இறங்கிய புதுமைப்பெண். ஓடிப்போய் அந்தப் பையன் வாயைப் பொத்தலாமா என்றிருந்தது. துரைசாமி "உக்காருய்யா!" என்று கத்தினார். இரண்டு கட்சியும் எழுந்து நின்றுகொண்டது. செத்தவர் எந்தக் கட்சி என்று ஒரே ரகளை.

அப்போது கங்கையா நைனா எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வெளியே நடந்தார். சட்டென்று சத்தம் அடங்கியது. "பாத்தீங்களா, நாத்திகப் பேச்சப் பொறுக்காம பெரியவரு போறாரு" என்றார் துரைசாமி. "உங்க புளுகு பொறுக்காமதான் போறாரு" என்றார் அந்த இளைஞர். மானேஜர் தலையை ஆட்டி, "மக செஞ்ச தப்பு இன்னும் அவரு மனச அறுக்குது, பாவம்" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். என் காதில் விழுந்தது.

நான் ஜன்னலைப் பார்த்தேன். நகரிப் பக்கம் கறுத்திருந்தது.

ஓடினேன். செருப்பைக்கூட மாட்டவில்லை. நெசவுத் தெருவில் நைனாவின் எதிர்வீட்டுக்காரர்களின் பாவு நீளக் கிடந்தது. கஞ்சி இன்னும் காயவில்லை. நிறைமாதமாக இருந்த அந்த வீட்டு மருமகள் மட்டும் பக்கத்தில் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தாள். மற்ற எல்லாரும் முனிரத்தினம்மாவுக்கு அஞ்சலி செலுத்தப் போயிருந்தார்கள். நைனா ஒரு கோடியில் கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "அந்தக் கோடிக்குப் போ. இழுத்துப் புடி, தளர வுடாத" என்றார். பிடித்தேன். எனக்கு அந்த வேலை தெரியாது, இரண்டு தரம் திட்டு வாங்கினேன். சுருட்டி உள்ளே கொண்டுபோகவும் தூறல் விழவும் சரியாக இருந்தது.

நைனா வாசலில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். "கூட்டம் முடிஞ்சிதா?" என்று கேட்டார்.

"இல்ல நைனா. இன்னும் பேசிக்கினுதான் இருக்காங்க."

"பேசட்டும்" என்றார். அப்புறம்தான் அவருக்கு அழுகை வந்தது. மகள் செத்த அன்றைக்குக்கூட அவர் அழவில்லை என்று அந்த மருமகள் பிறகு சொன்னாள்.

மழை விட்டதும் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிப் போனேன். எல்லாரும் கலைந்துவிட்டார்கள். மாலையைக் கழற்றிவிட்டு அந்தப் பிரதியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். துரைசாமி கேட்டால் தரமாட்டேன், அவர் கோபித்துக்கொள்ளட்டும். மற்ற இரண்டில் ஒன்று மானேஜர் கைக்குப் போனதோடு சரி, நான் வைத்திருந்ததை மணவூரில் யாரோ இரவல் வாங்கிப் போய்த் தொலைத்துவிட்டார்கள். முனிரத்தினம்மாவின் கையிலிருந்து இந்த உலகத்துக்கு மிஞ்சியது இந்த நாலு பக்கம்தான். மணவூர் ஸ்டேஷனில், என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. வேண்டுமானவர்கள் வந்து உட்கார்ந்து படிக்கலாம். வெளியே கொடுக்கமாட்டேன். கடைசி எட்டுப் பக்கத்தை நீங்கள் படித்துவிட்டால் கதையைப் படிக்கமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும், அதனால் அதை நூலால் தைத்து மூடிவிடலாமா என்றும் யோசித்தேன். என் ஒன்றரைப் பக்கத்தைக் கிழித்துவிடலாம் என்றும் தோன்றியது. கிழிக்கவில்லை. ஒரு பெண்ணின் சோற்றில் மண்ணைப் போட்ட எழுத்து அது. என் கையெழுத்தோடு அங்கேயே கிடக்கட்டும்.

எட்டாம் பக்கத்தின் அடியில் இரண்டு விரல் அகலத்துக்கு இடம் மிச்சமிருந்தது. இன்று காலைதான் அதில் எழுதினேன். கையெழுத்து என்னுடையது, பெயர் கங்கையாவினுடையது. "ஐயையோ, அவன் ஒண்டியா இருக்கானே! பாவு என்னாச்சு?" அந்தக் கதையைப் பற்றி அந்த எட்டுப் பக்கத்தில் எழுதப்பட்டிருப்பது அது ஒன்றுதான்.